மூன்று கூட்டமும் ஒரு வியாழன் நெட்டும்: கொழும்புக் கிளையொன்றின் 2022

ஆண்டறிக்கை எப்போதோ போய்விட்டது. அதில் எழுத இடமில்லாதவற்றை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரும் இல்லை. அந்த ஆண்டு கிளையின் செயலாளர் நான்தான். கீழே வரும் பிழைகளில் பாதி என் கையெழுத்தோடு நடந்தவை.

பின்னணி

இராணுவத் தொடர்பாடலில் இருந்தவர்களும், அதே தொழில்நுட்பத்தைச் சிவில் பக்கத்தில் செய்பவர்களும் சேர்ந்த ஒரு தொழில்சார் சங்கத்தின் கொழும்புக் கிளை எங்களுடையது. இந்த வகைச் சங்கங்களில் உலகறிந்தது 1946 இல் அமெரிக்காவில் தொடங்கிய அஃப்சியா. நாங்கள் அதன் கிளை அல்ல, ஆனால் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு மாதத்துக்கு ஒரு பேச்சாளர், ஆண்டுக்கு ஓர் இராப்போசனம், வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு டொலரில் சந்தா.

2022 ஜனவரியில் பதிவேட்டில் 41 பேர் இருந்தார்கள். சமிக்ஞைப் படையணியிலும் கடற்படை, விமானப்படைத் தொடர்பாடல் பிரிவுகளிலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள் ஒரு பங்கு. மற்றவர்கள் தொலைபேசிக் கம்பனிகளில் கோபுரம், பற்றரி, நுண்ணலை இணைப்பு என்று அலைகிற பொறியியலாளர்கள். தமிழ் பேசுகிறவர்கள் ஒன்பது பேர். தலைவர் கொம்பனித்தெரு மலாய்க் குடும்பத்தவர், ஓய்வுபெற்ற சமிக்ஞை அதிகாரி. சிங்களம், ஆங்கிலம் போலவே தமிழும் பேசுவார். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும், தேநீர் சிங்களத்தில் ஓடும். தமிழ் கேட்பது வாகனம் எடுக்கப் போகும் இடத்தில்தான்.

"ஆமிக்காரற்றை சங்கத்திலை உனக்கு என்ன வேலை?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். தொழில் கற்க வேறு இடம் இல்லை என்றேன். அது பாதி உண்மை.

ஜனவரி முதல் மார்ச் வரை: அச்சடித்த நாட்காட்டி

ஆண்டுத் திட்டத்தில் ஆறு நிகழ்ச்சிகள் இருந்தன. அவற்றில் பெரியது ஏப்ரல் 5 க்கு வைத்திருந்த உரை. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதற்கு 80 ஆண்டு நிறைவு. எங்கள் துறைக்கு அது வெறும் போர்க்கதை அல்ல. முந்திய நாள் கொக்கல வாவியிலிருந்து பறந்த கட்டலினா விமானமொன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பியது. வழக்கப்படி மும்முறை அனுப்ப வேண்டிய செய்தி. மூன்றாம் முறை முடியுமுன் விமானம் சுடப்பட்டது. ஆனாலும் எச்சரிக்கை கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. அப்படி இருந்தும் மறுநாள் காலை இரத்மலானை ஓடுதளத்தில் நின்ற ஹரிகேன் விமானிகள், தலைக்கு மேல் எதிரி விமானங்களைக் கண்ட பிறகுதான் விஷயம் அறிந்தார்கள்.

உரைக்குப் பின் நாரஹேன்பிட்டிப் பக்கம் ஒரு சுற்று நடப்பதாகவும் எண்ணியிருந்தோம். சிங்கப்பூரிலிருந்து 1942 இல் கொழும்புக்கு வந்த பிரித்தானிய மறைகுறி உடைப்புப் பிரிவு, அந்தத் தாக்குதலுக்குப் பிறகு கென்யாவின் கிளிண்டினிக்குப் போய், 1943 இல் திரும்பி வந்து நிலைகொண்ட இடம் எச்எம்எஸ் அண்டர்சன் என்ற கரை நிலையம். அண்டர்சன் என்ற பெயர் அங்கே அடுக்குமாடிகளில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெப்ரவரி கூட்டம் நடந்தது, மார்ச் கூட்டமும் நடந்தது. மார்ச் கூட்டத்தின் நடுவில் கரண்ட் போனது. பேச்சாளர் படங்களை விட்டுவிட்டு வாயால் சொல்லி முடித்தார். அந்த ஆண்டின் சிறந்த உரை அதுதான் என்று பலர் சொன்னார்கள். மண்டபத்துக்காரர் ஜெனரேட்டருக்கு டீசல் காசு தனியாகக் கேட்டார். மார்ச் 7 இல் மத்திய வங்கி ரூபாயின் பிடியைத் தளர்த்தியதிலிருந்து டொலர் விலை நாளுக்கு நாள் ஏறியது. பொருளாளர் சந்தாவைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்பினார். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று பதில் போட்டேன். அந்தப் பதிலின் விலை ஆகஸ்டில் தெரிந்தது.

இதே வாரங்களில் வேலைத்தளத்தில் நாங்கள் கண்டதையும் குறித்து வைக்கிறேன், பிறகு எடுத்த முடிவுகளுக்கு அதுதான் அடி. கைபேசிக் கோபுரம் 48 வோல்ட் ஈய பற்றரியில் சில மணி நேரம் தாங்கும். இறங்கிய பற்றரி நிரம்ப அதைவிட அதிக நேரம் வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. மீதி 11 மணியும் துண்டு துண்டாக வந்தது. பற்றரி அரைகுறையாக நிரம்பும், அடியோடு இறங்கும், மறுபடி அரைகுறை. இப்படி ஒரு மாதம் போனால் புதுப் பற்றரியும் கிழடாகிவிடும். ஜெனரேட்டர் உள்ள கோபுரத்துக்கு டீசல் கொண்டுபோக லொறிக்கே டீசல் இல்லை. என் வெள்ளவத்தை ஒழுங்கையில் கரண்ட் போய் இரண்டு மணித்தியாலத்தில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும்.

ஏப்ரல்: பூட்டிய மண்டபம்

மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஆர்ப்பாட்டம். ஏப்ரல் 1 அவசரகால நிலை. 2 ஆம் திகதி மாலை 6 மணி முதல் திங்கள் காலை 6 மணி வரை ஊரடங்கு. ஏப்ரல் 5 உரையைத் தள்ளிவைக்கிறோம் என்று ஞாயிறு காலை கிளையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒற்றைச் சரி விழவே இல்லை. அன்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டிருந்தன. பதினைந்து மணித்தியாலம் போல அப்படியே கிடந்தது. தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்தியும் வேலை செய்தன. உறுப்பினர் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவராக எடுத்தேன். பட்டியலில் இருந்த இலக்கங்களில் பல காலாவதியானவை. வாட்ஸ்அப் வந்ததிலிருந்து அதை யாரும் திருத்தவில்லை.

செவ்வாய் மாலை ஒருவர் மட்டும் மண்டபத்துக்கு வந்திருக்கிறார். எங்கள் உறுப்பினர்களில் மூத்தவர், வயது 78, அறுபதுகளில் றோயல் சிலோன் கடற்படையில் தந்தியாளராக இருந்தவர். வத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் அரை மணி நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். இரவு அழைத்தார், கோபமில்லை. "தம்பி, செய்தி அனுப்பினனீர் எண்டு நம்புறன். எனக்குக் கதவுதான் சொன்னது."

இரத்மலானையைப் பற்றிப் பேச வைத்திருந்த கூட்டத்துக்கே இப்படி. தொடர்பாடல் தொழிலில் இருக்கும் 41 பேருக்கு ஒரு கூட்டம் இல்லையென்று சொல்ல எங்களால் முடியவில்லை. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதியபோது தலைவர் படித்துவிட்டு, "இத அப்படியே வைங்க, அழகாக்க வேணாம்" என்றார்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை: வியாழன் நெட்

மாதக் கடைசியில் செயற்குழு தலைவரின் வீட்டில் கூடியது. முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சூம் கூட்டம்: வீட்டு ரவுட்டருக்குக் கரண்ட் வேண்டும், கோபுரத்துக்கும் வேண்டும், அதனால் விட்டோம். நிலைமை சீராகும் வரை கிளையை உறங்கவிடுவது: இரண்டு பேர் அதைத்தான் விரும்பினார்கள். மூன்றாவது, வாரத்துக்கு ஒருமுறை வானொலியில் சந்திப்பது, வானொலிக்காரர் 'நெட்' என்று சொல்வது இதைத்தான். உறுப்பினர்களில் ஏழு பேரிடம் அமெச்சூர் வானொலி உரிமம், அதாவது பொழுதுபோக்குக்காக அலைபரப்பும் அனுமதி, இருந்தது. மற்றவர்கள் கேட்கலாம், பேச முடியாது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் அலைபரப்பக் கூடாது. மூன்றாவதைத் தேர்ந்தோம். காரணம் உயர்ந்த இலட்சியம் ஒன்றுமில்லை. காசு செலவாகாது என்பதுதான்.

வியாழன் இரவு எட்டரை. 145 மெகாஹேர்ட்சுப் பக்கம் நேருக்கு நேர், இடையில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் மலைமேல் நிலையம் கிடையாது. 25 வாட் செட் ஒன்று பேசும்போது ஆறு அம்பியர் இழுக்கும், கேட்கும்போது அரை. ஒரு மணி நேர நெட்டில் ஒருவர் பேசுவது ஆறு நிமிடம் என்று வைத்தால் மொத்தம் ஒரு அம்பியர்-மணி. கார் பற்றரி 45 அல்லது 60 அம்பியர்-மணி கொண்டது, அது ஒரு பொருட்டே அல்ல. என் மனைவியின் கணக்கு வேறு: அதே பற்றரியில்தான் பிள்ளைகளின் மின்விசிறி ஓடுகிறது. எட்டரைக்கு விசிறி நிற்கும், ஒன்பதரைக்கு மறுபடி சுழலும். அந்த ஒரு மணித்தியாலம் வீட்டில் என்னோடு யாரும் பேசமாட்டார்கள்.

விதிகளைத் தலைவரே எழுதினார். அரசியல் பேச்சு இல்லை. மறைகுறி இல்லை. வியாபாரத் தகவல் இல்லை. கைசெட்டை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது. வீட்டில் நிலையாக வைத்த செட்டில் மட்டுமே பேச்சு. கடைசி விதிக்குக் கம்பனிப் பொறியியலாளர்களான இளைஞர்கள் முகம் சுளித்தார்கள். தமிழ் உறுப்பினர்கள் ஒருவரும் சுளிக்கவில்லை. பையில் வோக்கி டோக்கியோடு காலிமுகத்திடல் பக்கம் சோதனைச் சாவடியில் நிற்கும் தமிழ் இளைஞனுக்கு உரிமக் கடதாசி எவ்வளவு தூரம் உதவும் என்பதை எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தலைவருக்கும் தேவைப்படவில்லை. அவர் அந்தக் காரணத்தைச் சபையில் சொல்லவில்லை, "அன்டெனா உயரம் போதாது" என்று மட்டும் எழுதினார். அதற்காக அவருக்கு நன்றி.

மே 6 இல் மறுபடி அவசரகால நிலை; 9 ஆம் திகதி காலிமுகத்திடலில் ஆர்ப்பாட்டக்காரர் மீது தாக்குதல், பிரதமர் விலகல், ஊரடங்கு. நெட்டை இரண்டு வாரம் நிறுத்தினோம். இதில் கிளை இரண்டாகப் பிரிந்தது. "தேவைப்படுற நேரத்திலைதானே மூடுறியள்? பிறகு எதுக்கு இது?" என்று மட்டக்குளியிலிருந்து பேசும் இளைஞர் கேட்டார். "லைசன்ஸ் போச்செண்டா திரும்ப எடுக்க எவ்வளவு காலம் தெரியுமா தம்பி? ஏழு பேர்தான் இருக்கோம்" என்றார் தலைவர். எழுதப்பட்ட தடை எதுவும் எங்களுக்கு வரவில்லை. நாங்களாகவே வாயை மூடிக்கொண்டோம். அது சரியா என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்த இளைஞர் அதற்குப் பிறகு மூன்று வியாழன் வரவில்லை.

ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது. வேலைக்குப் போகாத நாட்கள் கூடக்கூட நெட்டில் ஆள் கூடியது. கடற்படைப் பெரியவர் கொன்ட்ரோலாக, அதாவது நெட்டை நடத்துபவராக, உட்கார்ந்தார். பெயர் கூப்பிடும் ஒழுங்கு, குறுக்கே பாயாமல் காத்திருப்பது, சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது என எல்லாவற்றையும் ஒரு கடுஞ்சொல் இல்லாமல் பழக்கினார். ஜூலை 14 ஒரு வியாழன். சனாதிபதி விலகல் கடிதம் அனுப்பிய நாள். அன்று நெட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வருகை சொன்னார்கள், பற்றரி வோல்டேஜ் சொன்னார்கள், இரவு வணக்கம் சொன்னார்கள். விதி அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது.

செப்டெம்பர்: வெள்ளப் பயிற்சி

நெட் நன்றாக ஓடியதால் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. செப்டெம்பர் 17, சனிக்கிழமை ஒரு வெள்ள அனர்த்தப் பயிற்சி வைத்தோம். களனி கங்கையின் நாகலகம் வீதி அளவுகோல் 7 அடியைத் தாண்டிவிட்டது, அதாவது பெருவெள்ள நிலை. நள்ளிரவிலிருந்து கைபேசி இல்லை. இதுதான் கற்பனை. 2016 மே மாதம் வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் மூழ்கியதைக் கண்டவர்களுக்குப் பெரிய கற்பனை ஒன்றும் அல்ல. வத்தளை, மட்டக்குளி, வெல்லம்பிட்டி, தெஹிவளை, வெள்ளவத்தை ஆகிய ஐந்து நிலையங்கள். கொன்ட்ரோல் கொம்பனித்தெருவில் தலைவர் வீட்டு மொட்டை மாடியில். உறைகளில் போட்ட 20 செய்திகள். வெல்லம்பிட்டியில் எங்கள் உரிமக்காரர் ஒருவரோடு அந்தப் பகுதிப் பாடசாலைத் தமிழ் ஆசிரியை ஒருவர் உட்கார்ந்தார். செய்தியை அவர் வாயால் சொல்வார், இவர் அனுப்புவார்.

இரண்டு செய்திகளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை போய்ச் சேர்ந்தன.

முதலாவது: பாடசாலையில் தங்கியிருக்கும் ஒருவருக்கு உடனே இன்சுலின் வேண்டும். வெல்லம்பிட்டியிலிருந்து கொம்பனித்தெருவுக்கு நேரே அலை போகவில்லை. இடையில் மாடிக் கட்டடங்கள். வத்தளைப் பெரியவர் வாங்கிக் கைமாற்றினார். அமெச்சூர்காரர் பதிவேட்டில் உலக நேரம் எழுதுவது வழக்கம். கடற்படையிலும் அவருக்கு அதே பழக்கம். காலை 10 மணிக்கு அவர் சொன்னது "சைபர் நாலு மூண்டு சைபர் சூலு". சூலு என்றால் கிறீனிச் நேரம், எங்கள் நேரத்துக்கு ஐந்தரை மணி பிந்தியது. மொட்டை மாடியில் எழுதிக்கொண்டிருந்த பெண் பொறியியலாளர் 0430 என்று எழுதினார். சூலு காற்றோடு போய்விட்டது. தலைவர் படையில் இருந்த காலம் முழுக்க உள்ளூர் நேரத்திலேயே எழுதிப் பழகியவர். 10.20 க்குக் கடதாசியை எடுத்துப் பார்த்தார். விடியற்காலைச் செய்தி, இதற்குள் யாராவது கவனித்திருப்பார்கள். கற்பனை நள்ளிரவில் தொடங்கியதால், 0430 என்ற நேரத்தில் சந்தேகப்பட எதுவும் இல்லை. முடிந்தவை என்று எழுதிய கிளிப் கோப்பில் செருகினார். பயிற்சி முடிந்து 12.05 க்கு உறைகளைச் சரிபார்க்கும்போதுதான் அகப்பட்டது.

மூன்று பேரில் ஒருவரும் தான் கற்றதற்குப் புறம்பாக எதையும் செய்யவில்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. 1996 கடைசியிலிருந்து 2006 ஏப்ரல் வரை இந்த நாட்டில் கொழும்புக்கு ஒரு நேரம், புலிகளின் வசமிருந்த வன்னிக்கு அரை மணி பிந்திய ஒரு நேரம் இருந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்த ஒவ்வொரு தமிழரும் கைக்கடிகாரத்தைத் திருப்பியவர்கள்தான். 'எந்த நேரம்?' என்று கேட்கும் பழக்கம் எங்கள் ஆட்களுக்கு ஒரு காலத்தில் இருந்தது. அன்று ஒருவருக்கும் வாயில் வரவில்லை, எனக்கும்தான்.

இரண்டாவது: ஆசிரியை சொன்னது, "தண்ணி இடுப்பளவு, ரெண்டு வயசானாக்கள் மேல் மாடியிலை." நெட்டின் எழுதாத விதி ஆங்கிலம். எங்கள் உரிமக்காரர் அதை ஆங்கிலமாக்கினார், இடுப்புக்கு 'வெய்ஸ்ட்'. கொன்ட்ரோலில் கேட்டதும் 'வெய்ஸ்ட்'தான், ஆனால் எழுதியவர் கையில் அது கழிவுநீராக விழுந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஒலி. செய்தி படகுப் பிரிவுக்குப் போகாமல் சுகாதாரப் பிரிவுக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்த தமிழர் அதை மறுபடி தமிழாக்கி, "கழிவுநீர், குளோரின் தேவை" என்று குறிப்பெழுதினார். தமிழில் தொடங்கித் தமிழில் முடிந்த செய்தி. நடுவில் இரண்டு வயதானவர்கள் காணாமற் போனார்கள்.

எடுத்த முடிவுகள்

அடுத்த வியாழன் நெட்டிலேயே இதைப் பேசினோம். நேரம் பற்றிய முடிவு சுலபம்: பயிற்சியிலும் அனர்த்தத்திலும் இலங்கை நேரம் மட்டும், உலக நேரம் அவரவர் சொந்தப் பதிவேட்டில் இருக்கட்டும். பெரியவர் ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு, "அறுபது வருஷப் பழக்கம். ஆனால் சரி" என்றார்.

மொழிதான் நீண்டது. செய்தியின் தலைப்பகுதி, அதாவது இலக்கம், அவசர நிலை, நேரம், ஆள் எண்ணிக்கை, எண்களாகவே போகட்டும்; உடல் சொன்னவர் மொழியிலேயே போகட்டும்; கொன்ட்ரோலில் தமிழ் எழுதுபவர் ஒருவர், சிங்களம் எழுதுபவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். இது என் முன்மொழிவு. எதிர்ப்பு நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு தமிழ் உறுப்பினர்கள் தயங்கினார்கள்: ஆமிச் சங்கத்தின் நெட்டில் தமிழ் ஓடினால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? அந்தப் பயத்தைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. தலைவர்தான் முடித்தார்: அமெச்சூர் அலைவரிசையில் யாரும் கேட்கலாம், மறைக்க ஒன்றுமில்லை, தெளிவான மொழியில் பேசு என்பதுதான் சட்டம், தமிழ் தெளிவான மொழி.

பிறகு எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்துக்கு அல்பா, பிராவோ என்று உலகமே ஒத்துக்கொண்ட பட்டியல் உண்டு. இரைச்சலில் ஆளின் பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்ட எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. வெல்லம்பிட்டி ஆசிரியை சிரித்துவிட்டார். "இதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையள் ஒவ்வொரு நாளும் செய்யிறவை." தந்நகரம், டண்ணகரம், றன்னகரம், இடையின ரகரம், வல்லின றகரம், சிறப்பு ழகரம். கப்பல் க, சட்டி ச, பம்பரம் ப. ஒரு பக்கக் கடதாசியில் முடிந்தது. எண்களுக்கும் அவரே வழி சொன்னார்: ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான், இரைச்சலில் வாலைத்தான் கேட்கும். ஆகவே அறுபது என்று சொல்லாமல் 'ஆறு, சைபர்'. படையில் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லப் பழக்குவதும் இதே காரணத்துக்குத்தான் என்று தலைவர் சேர்த்துக்கொண்டார்.

சந்தா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் பெருமை இல்லை. ஆண்டுச் சந்தா 40 டொலர். ஆண்டுத் தொடக்கத்தில் 8,120 ரூபா. மே மாதம் 14,400 ரூபா அளவில் வந்தது. கொடுக்க மனமிருந்தவர்களின் கடனட்டையும் வெளிநாட்டுக் கொடுப்பனவை மறுத்தது. ரூபாயில் ஓர் உள்ளூர்ச் சந்தா வாங்கிக் கிளையை ஓட்டுவோம், தலைமையகத்துக்குப் பிறகு கட்டுவோம் என்று ஜூனில் முடிவெடுத்தோம். தலைமையகத்துக்கு அதை எழுதவில்லை. ஆகஸ்டில் நிலுவைக் கடிதம் வந்தபோதுதான் எழுதினோம். அவர்கள் பாதியை ஓராண்டுக்குத் தள்ளிவைத்தார்கள், சஞ்சிகையையும் இணைய நூலகத்தையும் நிறுத்தினார்கள். மார்ச்சில் பொருளாளர் எழுதிய அந்த ஒரு வரியை அன்றே அனுப்பியிருந்தால் முழுவதையும் தள்ளியிருப்பார்களோ என்னவோ. பொருளாளர் ஒக்டோபரில் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார். கிளையின் கணக்குப் புத்தகம், ரப்பர் முத்திரை, அரைவாசி நிரம்பிய பற்றரி ஒன்று என எல்லாவற்றையும் அடுக்குமாடிக் காவலாளியிடம் என் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நவம்பர்: இரண்டாம் பயிற்சி

நவம்பர் 19, அதே நிலையங்கள், புதிய உறைகள். மருந்து கேட்ட செய்தி ஒன்பது நிமிடத்தில் உரிய மேசைக்குப் போனது. ஆசிரியை சொன்ன தமிழ், மொட்டை மாடியில் தமிழாகவே எழுதப்பட்டது. றன்னகரம் என்று கேட்டதும் எழுதிய கை ஒரு கணம் நின்று, ணகரத்தை வெட்டி னகரம் போட்டதை நான் பார்த்தேன்.

பிழை வேறு இடத்தில் முளைத்தது. பதினொரு மணிக்கு வெல்லம்பிட்டி நிலையம் மௌனம். பற்றரி செத்துவிட்டது. எரிபொருள் கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று வந்ததிலிருந்து அந்தக் காரை வெளியே எடுப்பதே அருமை. ஓடாத காரின் பற்றரி மாதக்கணக்கில் நிரம்பாமல் கிடந்து உள்ளே கெட்டுப்போயிருக்கிறது. வெறும் வோல்டேஜ் பார்த்தால் 12.4 காட்டும், பேசத் தொடங்கி ஆறு அம்பியர் இழுத்ததும் பத்துக்குக் கீழே விழும். கோபுரங்களில் நாங்கள் நாள்தோறும் பார்த்த அதே நோய், எங்கள் சொந்த நிலையத்தில். மீதிச் செய்திகளை ஆசிரியையின் மகன் சைக்கிளில் மட்டக்குளிக்குக் கொண்டு போனான்.

ஆண்டு முடிவில்

டிசம்பர் பொதுக்கூட்டத்தில் பதிவேட்டில் 26 பேர். போன பதினைந்து பேரில் அதிகமானோர் வெளிநாடு. மற்றவர்கள் சந்தாவால் விலகியவர்கள். இராப்போசனம் நடக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. உரிமப் பரீட்சைக்கு நான்கு பேர் படிக்கிறார்கள், அவர்களில் ஆசிரியையும் ஒருவர். கோபித்துக்கொண்ட மட்டக்குளி இளைஞர்தான் அவர்களுக்குப் படிப்பிக்கிறார்.

பெரிய ஓட்டை இன்னும் அடைபடவில்லை. எங்கள் ஏழு உரிமக்காரரில் வெல்லம்பிட்டிப் பக்கம் குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. பயிற்சியன்று காலையில் செட்டைத் தூக்கிக்கொண்டு வெல்லம்பிட்டிக்குப் போனோம். உண்மையான வெள்ளத்தில் அந்தப் பாதை தண்ணீருக்குள் இருக்கும்.

மறுபடி செய்தால்

உறுப்பினர் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்துத் திருத்துவேன். வாட்ஸ்அப்பில் அல்ல. இதை இப்போது செய்கிறோம், சலிப்பான வேலைதான். தலைமையகத்துக்குக் கெட்ட செய்தியை அது சிறியதாக இருக்கும்போதே எழுதுவேன். பற்றரியை வோல்டேஜ் பார்த்து நம்பாமல், பயிற்சிக்கு முந்திய நாள் காரின் முன்விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டுப் பார்ப்பேன். முதற் பயிற்சியை 20 உறையோடு தொடங்காமல், ஐந்தோடு தொடங்குவேன். இருபதில் பிழை ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது.

மே மாதம் நெட்டை நிறுத்தியதை மாற்றுவேனா என்று கேட்கிறார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முன்கூட்டியே எழுதி, அவசரகால நிலையில் நாங்கள் என்ன செய்யலாம் என்று எழுத்தில் கேட்டு வைத்திருப்பேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

தலைமையகத்தின் ஆண்டறிக்கைப் படிவத்தில் 'நடத்திய கூட்டங்கள்' என்று ஒரு கட்டம். பெப்ரவரி, மார்ச், டிசம்பர்: 3 என்று எழுதினேன். வியாழன் நெட்டுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் சிறிதாக எழுதி அனுப்பினேன். அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.